கிராம சபையில் நம் அங்கத்தினர் பேச வேண்டுவது யாது?

கடன் தவணைகளைப் பற்றி விசாரிக்க ஊர்ச் சங்கங்களுக்குச் செல்லும்பொழுதெல்லாம், பேச்சு எங்கே தொடங்கினாலும் குடிநீர், சாலை, கண்மாய், களம் ஆகியவற்றில்தான் வந்து முடிகிறது. ஒரு குறையைக் கேட்டு, "இதனைக் கிராம சபையில் சொன்னீர்களா?" என்று வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "கூட்டத்துக்குப் போய் என்னங்கய்யா ஆகப் போகுது? பேசுவோம், கையெழுத்துப் போடுவோம், வந்துருவோம்."

இவ்விடையில் சலிப்பும் உண்டு, உண்மையும் ஓரளவு உண்டு. ஆயினும், எந்தக் கூட்டத்தில், எதனை, எவ்வாறு கேட்பது என்பதை அறியாமையால் விளையும் ஏமாற்றமே மிகுதி. சங்கத்தின் பேரவையில் வரவு செலவுக் கணக்கைக் கேள்வி கேட்டுப் பழகிய நம் அங்கத்தினருக்குக் கிராம சபை அந்நியமன்று. ஆகவே ஊராட்சி அமைப்புகளின் வழக்கமான அலுவல்கள் யாவை, அவற்றில் பொதுமக்கள் குறைகள் இடம்பெறும் முறை யாது என்பதை இங்கே எளிய முறையில் விளக்க முற்படுகிறேன்.

ஜில்லா போர்டு முதல் இன்று வரை

இராமநாதபுரம் ஜில்லா 1910-ஆம் ஆண்டு மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. அக்காலத்தில் சாலை, சத்திரம், பள்ளிக்கூடம், மருத்துவசாலை ஆகியவற்றைக் கவனித்தவை ஜில்லா போர்டும் தாலுகா போர்டுகளுமாம். 1884-ஆம் ஆண்டின் சட்டமும், பின்னர் 1920-ஆம் ஆண்டின் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் அவற்றுக்கு ஆதாரம். வரி செலுத்துவோருள் ஒரு சிலருக்கே அந்நாளில் வாக்குரிமை இருந்தது. ஏனையோர் மனுக் கொடுப்பவர்களாகவே இருந்தனர்.

காமராஜர் முதலமைச்சராயிருந்தபொழுது, 1958-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டங்களின் வாயிலாக ஜில்லா போர்டுகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின்னர், அதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்னும் மூன்றடுக்கு அமைப்பு அச்சட்டத்தின்படி நிலவுவதாகும். கிராம சபைக்குச் சட்டத்தில் உறுதியான இடம் கிடைத்ததும் இதனால்தான்.

1985-இல் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு நம் மாவட்டத்தில் எஞ்சியவை இராமநாதபுரம், திருப்புல்லாணி, மண்டபம், திருவாடானை, இராஜசிங்கமங்கலம், பரமக்குடி, போகலூர், நயினார்கோவில், முதுகுளத்தூர், கமுதி, கடலாடி என்னும் 11 ஒன்றியங்கள். 2019-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இவற்றில் 429 கிராம ஊராட்சிகள் இருந்தன.

ஒன்றியக் குழுவின் அலுவல்

ஒன்றியக் குழுவின் கூட்டம் என்றதும் காரசாரமான விவாதத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். முந்திய கூட்டத்தின் நடவடிக்கைகள் வாசிக்கப்படும்; மாத வரவு செலவு முன்வைக்கப்படும்; பள்ளிக் கட்டடப் பழுது, ஒன்றியச் சாலை, சிறு பாலம், மோட்டார் பழுது ஆகியவற்றுக்கான செலவினங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கீகாரம் பெறும். வட்டார வளர்ச்சி அலுவலரே ஒன்றியத்தின் ஆணையாளர். தீர்மானங்களைச் செயற்படுத்தும் பொறுப்பு அவருடையது.

இவ்வறட்டு அலுவல்களுக்கு இடையில்தான் நம் ஊர்ப் பணம் எங்கே போகிறது என்பது முடிவாகிறது. எந்தச் சாலை இவ்வாண்டில் போடப்படும், எது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும் என்பது மேடைப் பேச்சில் தீர்வதில்லை. பொருள் நிரலின் ஓர் எண்ணில், இரண்டு வரியில் தீர்ந்துவிடுகிறது. சங்கத்தின் நிர்வாகக் குழுத் தீர்மானப் புத்தகத்தைப் படித்தவர் எவரும் இதனை உணர்வர்.

அமெரிக்க நாட்டில் கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் பலவற்றில் ஆணையாளர் குழு ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி புரிகிறது. அங்கும் அலுவல் இவ்வண்ணமே: சாலைப் பழுது, ஒப்பந்தம், வரவு செலவுத் திட்டம். பொருள் நிரலை முன்கூட்டியே வெளியிடுவதும், கூட்டத்தின் ஒரு பகுதியில் பொதுமக்களுக்கு ஆளுக்குச் சில நிமிஷங்கள் பேச இடமளிப்பதும் அங்கே பரவலான வழக்கம். ஆனால் பேசுகிறவர் அங்கே வாக்களிப்பதில்லை, முடிவு ஆணையாளர்களுடையதே. நம் கிராம சபையிலோ வந்திருக்கும் மக்களே சபையாவர். சுவிட்ஜர்லாந்தில் கிளாரஸ், அப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் இரு மாநிலங்களில் குடிமக்கள் ஆண்டுக்கொருமுறை திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி முடிவு செய்வர். நம் கிராம சபை அந்த இனத்தைச் சேர்ந்தது. இவ்வேறுபாட்டை நம் அங்கத்தினர் மறத்தலாகாது.

கிராம சபையின் அதிகாரம்

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். சேர்க்கைக் கட்டணமும் பங்குத் தொகையும் இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த இச்சபைக்கு, 2022-ஆம் ஆண்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன.

சபை செல்லுபடியாவதற்குக் குறைந்த அளவு வருகை வேண்டும். இதனையே கோரம் என்கிறோம். மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் கூட்டம் தொடங்குமுன் வீடு திரும்புகிறவர், தம்மை அறியாமலேயே கோரத்தை நிறைவு செய்து, தாம் கேளாத தீர்மானங்களுக்கெல்லாம் உடன்பட்டவர் ஆகிறார். சங்கத்தில் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை.

சபையின் கடமைகள் நான்கு எனச் சுருக்கிக் கூறலாம். கிராமத் திட்டத்தை ஏற்பது. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஏற்பது. ஊராட்சிக் கணக்கின் தணிக்கை அறிக்கையை ஏற்பது. ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட திட்டங்கள் எவ்வளவு நடந்தன என்பதைச் சீர்தூக்குவது. இவற்றுள் மூன்றாவதை நம்மவர் பெரிதும் பயன்படுத்துவதில்லை. தணிக்கை அறிக்கையை உரக்க வாசிக்கக் கேட்பது எவரையும் குற்றஞ்சாட்டுவதாகாது. நம் சங்கத்தில் ஆண்டுதோறும் நடப்பதே அது.

ஊராட்சித் தலைவர் சபையைக் கூட்டத் தவறினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் அதனைக் கூட்டுவதற்குச் சட்டம் வழி செய்கிறது. அந்த ஆய்வாளர் என்னைப் போன்ற கூட்டுறவு ஆய்வாளன் அல்லர். மாவட்ட ஆட்சியரே அவர்.

எக்குறையை எங்கே சொல்வது?

உரிய இடத்தில் சொல்லாத குறை, விலாசமில்லாத கடிதத்தைப் போன்றது. கண்மாயை எடுத்துக்கொள்வோம். 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் உள்ளவை. இதனை அறியாமல், பெரிய கண்மாயின் மடை உடைந்ததென்று ஒன்றிய அலுவலகத்துக்கும், சிறு கண்மாயின் வரத்துக்கால் தூர்ந்ததென்று பொறியாளர் அலுவலகத்துக்கும் ஆண்டுக் கணக்கில் நடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஊர்த் தெரு, தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர்க் குழாய், மயானம், ஊருணி ஆகியவை கிராம ஊராட்சியின் கடமைகள். நம் கடற்கரையில் கிணற்று நீர் உவர்ப்பாதலால், காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியே பல ஊர்கள் உள்ளன. அத்தகைய ஊர்களில் குறை இரு வகைப்படும். ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கே நீர் வந்து சேரவில்லையெனில், அது குடிநீர் வடிகால் வாரியத்திடம் கேட்க வேண்டுவது. தொட்டி நிரம்பியும் கடைசித் தெருவுக்கு நீர் ஏறவில்லையெனில், அது ஊராட்சியின் விநியோகக் குறை. தொட்டியைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குச் செல்பவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

பயிர்க் காப்பீடு, உரம், விதை, மிளகாய் விலை ஆகியவை கிராம சபையில் தீர்வனவல்ல; ஆட்சியர் தலைமையில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டமே அவற்றுக்குரிய இடம். தறி, நூல், கூலி பற்றியவை கைத்தறித் துறைக்கு உரியன. ஆனால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் இடத்தில் சாக்கடை வழிவதும், சாயக் கழிவுநீர் தேங்குவதும் ஊராட்சி அல்லது நகராட்சியின் காரியங்களே. எமனேசுவரத்து நெசவாளரைப் போலப் பரமக்குடி நகராட்சி எல்லைக்குள் வாழ்வோருக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கென 2022-ஆம் ஆண்டின் விதிகள் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் ஏற்படுத்தியுள்ளன. குறைகளை அங்கே எழுப்புதல் வேண்டும்.

ஒரு களத்தின் கதை

இவ்வளவும் எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சியொன்றைக் கூறுவேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

கடலுக்குச் சற்று உள்வாங்கிய ஒரு சிற்றூர். அங்கே விளைவது குண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்தான். அவ்வூரில் நம் சங்கத்துப் பயிர்க்கடன் தவணை கடந்து நின்றவர்களை விசாரிக்கச் சென்றேன். மழை பொய்த்ததோ, பூச்சி விழுந்ததோ என்று எண்ணியிருந்தேன். விளைச்சலில் குறைவில்லை என்றார்கள். பறித்த பழத்தை உலர்த்தக் களமின்றித் தார்ச்சாலையோரம் பரப்பியிருக்கிறார்கள். மாசியில் எதிர்பாராது இரவில் பெய்த மழை அத்தனையையும் நனைத்துவிட்டது. நிறம் மங்கிய பழம் சண்டு வற்றல் என்று கழிக்கப்பட்டு, பாதி விலைக்கும் போகவில்லை. கடன் நின்றது.

"களம் கேட்டு மூணு கிராம சபையில தீர்மானம் போட்டாச்சுங்கய்யா" என்றார் முதிய அங்கத்தினர் ஒருவர். அவரையும் இன்னும் இருவரையும் அழைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம் சென்று தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டேன். மறுக்காமல் காட்டினார்கள். மூன்று கூட்டங்களின் பதிவுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்: "உலர்களம் அமைப்பது பற்றி விவாதிக்கப்பட்டது." எந்த இடம், எவ்வளவு நீள அகலம், எத்தனை பேருக்குப் பயன், யாரிடம் மதிப்பீடு கோருவது என ஒன்றுமில்லை. பேசியவர்கள் உரக்கப் பேசியிருக்கிறார்கள். எழுதியவர் கேட்டதைச் சுருக்கி எழுதியிருக்கிறார். விவாதித்தோம் என்பதன்மேல் எந்தப் பொறியாளரும் மதிப்பீடு தயாரிக்க முடியாது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சபைக்கு முன் அனைவரும் கூடி ஒரு தீர்மான வாசகம் எழுதினோம். இடத்தின் சர்வே எண், நீள அகலம், பயனடையும் சாகுபடியாளர் தொகை, நனைந்து கெட்ட மிளகாயின் அளவு, மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் எல்லாம் அதில் அடங்கின. காந்தி ஜெயந்தியன்று தீர்மானம் நிறைவேறிற்று. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அப்பெருமை நீடிக்கவில்லை. நாங்கள் குறித்த இடம் ஊருணிப் புறம்போக்கு என்று கோப்புத் திரும்பி வந்தது. நீர்நிலையில் களம் கட்ட அனுமதியில்லை, அது நியாயமுங்கூட. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டை முதலிலேயே பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். பார்க்கத் தவறியவன் நான். பட்டம் பெற்றவன், சட்டம் படித்தவன் என்று என்னை நம்பியவர்கள் அதனால் ஓர் அறுவடையை மறுபடியும் சாலையில் உலர்த்தினார்கள். வேறிடம் தேர்ந்து, புதிய தீர்மானம் நிறைவேற்றிக் களம் கட்டி முடிந்தது அதற்கடுத்த பருவத்தில். அவ்வாண்டு அங்கே தவணை கடந்த கடன்களில் பெரும்பகுதி திரும்பிற்று. எனவே தீர்மானம் எழுதுமுன் அ-பதிவேட்டைப் பாருங்கள் என்பதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

தீர்மானத்தின் வலிமையும் எல்லையும்

கிராம சபையின் தீர்மானத்தால் எல்லாம் ஆகும் என்பதும் பிழை, ஒன்றும் ஆகாது என்பதும் பிழை. ஒடிசா மாநிலத்தில் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தைப் பற்றி, 2013 ஏப்ரல் 18-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்குமாறு பணித்தது. 12 கிராம சபைகளும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. ஆனால் அங்கே வன உரிமைச் சட்டம் சபைகளுக்குத் தனி வலிமையளித்தது. எல்லா விஷயங்களிலும் நமக்கு அவ்வலிமை உண்டென்று எண்ணலாகாது.

நம் கடற்கரையில் இதற்கு நெருங்கிய உதாரணம் இறால் பண்ணைகள். பண்ணையின் உப்புநீர் கசிந்து கிணறும் வயலும் உவர்ப்பாகும் என்ற அச்சம் கடலோர ஊர்களில் நெடுநாளாக உண்டு. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. 2005-ஆம் ஆண்டின் சட்டத்தால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைந்து, பண்ணைகள் பதிவு பெறுதல் கட்டாயமாயிற்று. ஆகவே, "இறால் பண்ணை வேண்டாம்" என்று மட்டும் தீர்மானிப்பதைவிட, சர்வே எண்ணையும், பண்ணை பதிவு பெற்றதா என்ற கேள்வியையும், கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவையும் சேர்த்து ஆட்சியருக்கு அனுப்பும் தீர்மானமே பயன் தரும். தொழில் செய்கிறவனும் நம் ஊரானாயிருக்கலாம். சான்று இருந்தால் சச்சரவு குறையும்.

தேர்ந்தெடுத்தோர் இல்லாத காலம்

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடக்கும் வரை, மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். அத்தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிவுற்றது. மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். நம் கூட்டுறவுச் சங்கங்களிலும் நிர்வாகக் குழு கலைந்து தனி அலுவலர் வருவதை நாம் அறிவோம். அத்தகைய காலங்களில் ஊர்க்குறையை எடுத்துச் செல்ல வார்டு உறுப்பினர் இரார். ஒன்றியக் கவுன்சிலர் இரார். குழுவின் பதவிக்காலம் முடியும். சபைக்குப் பதவிக்காலம் இல்லை. வாக்காளர் இருக்கும் வரை கிராம சபை இருக்கும். தலைவர் இல்லாத காலத்தில்தான் சபைக்கு மக்கள் தவறாது வருதல் வேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினரும், சபை நாளுக்கு முன் பத்துப் பேராவது சங்கக் கட்டடத்தில் கூடுக. ஒரு கூட்டத்துக்கு ஒரு குறையை அல்லது இரண்டை மட்டும் தேர்க. அது எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று விசாரிக்க. இடம், அளவு, பயனடைவோர் தொகை, கோரிக்கை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வாசித்துக் கொடுக்க. கையெழுத்திடுமுன், எழுதப்பட்ட தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்க. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, "சென்ற கூட்டத்துத் தீர்மானம் என்னவாயிற்று?" என்று கேட்க. ஓலை முடையும் பெண்களும், கடற்பாசி எடுக்கும் பெண்களும் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்பவர்கள். குழாயின் நிலை அவர்களுக்கே நன்கு தெரியும். அவர்களை முன்வரிசையில் அமர்த்துக.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறார். அறுந்ததைக் காணாதவர்போல் நெய்தால் துணி முழுவதும் குறைபட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஊர்க் காரியமும் அத்தகையதே. அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்த் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.